எடைச் சீட்டு

நெல்லைச் சந்திப்பு மூன்றாம் பிளாட்பாரத்தில்
பல்பு மினுங்கும் எடை மெஷின்
வந்திறங்கிய அன்றே சொல்லிவிட்டது:
ஐம்பத்தாறு.
சீட்டின் பின்பக்கம்
'பொறுமை உங்கள் பலம்' என்றிருந்தது.

முப்பது நாள் லீவு.
வீட்டில் சொதி, கூட்டாஞ்சோறு,
சித்தி மகள் கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி,
"அங்க என்னத்தத் தின்னா, எலும்பா வந்திருக்கா"
என்று இலையில் இறங்கும் நெய்.
திரும்பிப் போன மறுநாளே
ஓடவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

ஆகவே நாலரை மணிக்கு
லேஸில் இரண்டு முடிச்சுப் போட்டு
பணகுடியிலிருந்து காவல்கிணறு பக்கம்.
ஆனி மாதம்.
கணவாய் வழியே வருவது
ஆளைத் தூக்கும் காற்று.
அதற்கு எதிரே ஓடுவது
சாத்திய கதவை நெற்றியால் தள்ளுகிற மாதிரி.
இரு பக்கமும் காற்றாலைகள்,
உச்சியில் சிவப்பு விளக்கு.
ஓர் இறக்கை கீழே வந்து போவதற்குள்
மூன்று எட்டு.
கணக்கு தப்பினால் மூச்சு தப்பும்.

மூன்றாம் நாள்
பால் கேனோடு வந்தவர் வண்டியை நிறுத்தினார்.
"ஏ பிள்ள, யாரும் வெரட்டுதானா?"
திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்:
"இல்ல அண்ணாச்சி, டூட்டி."
"லீவுலயா?"
"லீவுலதான்."
கேன் மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.
அடுத்த வாரம்
என்னைத் துரத்தும் நாய்களை
அவர் ஹாரன் துரத்தியது.

பெயர் முப்பிடாதி.
பட்டாலியனில் ஆஜர் எடுக்கிறவர்
முதல் மாதம் 'முப்பி'யில் நின்றார்,
அடுத்த மாதம் 'மூப்பீ தாத்தீ',
அப்புறம் எண்ணால் கூப்பிட்டார்.
எண்ணுக்கு நான் போடும் சத்தத்தில்
பெயர் முழுசும் இருக்கும்.

வங்காள எல்லையில் எனக்கொரு கேட்.
காலை ஆறுக்குத் திறக்கும்.
வேலிக்கு அப்பாலும் நம் நிலம்தான்.
அரிவாளும் தூக்குவாளியுமாக
வயலுக்குப் போகும் பெண்கள் வரிசையில் வருவார்கள்.
சேலை மடிப்பு, கொண்டை, சோற்றுக்கு அடியில் கரண்டி.
தொட்டுப் பார்த்து அனுப்புவது என் வேலை.
அவர்கள் கூசாதபடி தொட
எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

போன ஆவணியில்
வயலுக்குள் ஒருத்தியைப் பாம்பு கடித்துவிட்டது.
ஜீப் இறங்காத சேறு.
துப்பாக்கியை ரஞ்சனா போரோ வாங்கிக்கொண்டாள்.
அவளைத் தோளில் போட்டு
ஒன்றரைக் கிலோமீட்டர்.
ஓடினேன் என்று சொல்ல முடியாது.
விழவில்லை.

பதிவேட்டில் ஒரு வரி:
'14.20. பெண் ஒருவர். பாம்புக்கடி. மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.'
என் பெயர் இல்லை.
எழுதியிருந்தாலும் தப்பாகத்தான் எழுதியிருப்பார்கள்.
ஆனாலும் அந்தப் பக்கத்தை
இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.
மூன்றாம் தடவை
ரஞ்சனாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

இருபது நாள் கழித்து அவள் கேட்டுக்கு வந்தாள்.
வழக்கம்போல் சோதித்தேன்.
அவளும் வழக்கம்போல்
கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அம்மாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை.
பீடிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தவள்
என் காலைப் பார்த்து
"ஆம்பளக் காலு மாதிரில்லா ஆயிட்டு" என்றாள்.
"ஆமா" என்று
தொடையைத் தட்டிக் காட்டினேன்.
பதினெட்டில் எண்ணிக்கையைத் தவறவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

நேற்று கடைசி ஓட்டம்.
திரும்புகையில் காற்று முதுகில் கை வைத்தது.
கடிகாரத்தில் எட்டு நொடி குறைவு.
பால்காரரிடம் சொல்லலாம் என்று
ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றேன்.
நேற்றென்று பார்த்து அவர் வரவில்லை.

இன்று அதே பிளாட்பாரம்,
அதே மெஷின்.
ஐம்பத்தெட்டு.
பதறிப்போய் இறங்கினால்
தோளில் தொங்குகிறது
ரஞ்சனாவுக்கும் மற்றவர்களுக்கும் வாங்கிய
இரண்டு கிலோ அல்வா.
பையை இறக்கிவைத்து
இன்னொரு காசு தேடினேன்.
அதற்குள் ரயில் வந்துவிட்டது.